கினாபாத்தாங்கான் ஆறு கற்பிக்கும் பொருளாதாரப் பாடம்



ஓர் ஊர் செல்வம் உடையதா, வறுமை உடையதா என்பதை எதைக்கொண்டு அளப்பது? அவ்வூரில் விளையும் பொருளைக்கொண்டு அளக்கலாம் என்று நம்மில் பலர் கூறுவர். அவ்விடை பாதி உண்மையே ஆகும். நிலம் நிறைய விளைந்தும் மக்கள் ஏழையராகவே இருக்கும் ஊர்கள் உலகில் பல உள. விளைந்த பொருள் எங்கே சென்றது, அதன் விலை யாருடைய கையில் தங்கியது என்னும் இரு வினாக்களையும் சேர்த்துக் கேட்டால்தான் விடை முழுமை பெறும்.

இவ்வுண்மையை விளக்க வெளிநாடு சென்று எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை. நம் மலேசிய நாட்டின் சபா மாநிலத்தில், கினாபாத்தாங்கான் என்னும் ஆற்றின் கரையில், அப்பாடம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எழுதப்பட்டு வந்திருக்கின்றது. அதனை இக்கட்டுரையில் முறையாகப் படிப்போம்.

நிலமும் ஆறும் மக்களும்

கினாபாத்தாங்கான் ஆறு சபாவின் நடுப்பகுதி மலைகளில் தோன்றி, ஏறத்தாழ 560 கிலோமீட்டர் ஓடி, கிழக்கே சூலு கடலில் கலக்கின்றது. சபாவில் இதுவே மிக நீண்ட ஆறு. மலேசியா முழுவதிலும் சரவாக்கின் ராஜாங் ஆற்றுக்கு அடுத்த நிலையில் இது வைத்து எண்ணப்படுகின்றது. சபா மாநிலத்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கில் பெய்யும் மழைநீர் இவ்வாற்றில்தான் வந்து சேர்கின்றது.

இவ்வாற்றின் பெயரால் அமைந்த கினாபாத்தாங்கான் மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 6,600 சதுர கிலோமீட்டர் ஆகும். பினாங்கு மாநிலத்தைப்போல ஆறு மடங்கு பெரிய நிலம் அது. ஆயினும், பினாங்கில் வாழும் மக்களில் பத்தில் ஒரு பங்கினர்கூட அங்கு இல்லை. அவ்வாறு வாழ்வோரிலும் பெரும் பகுதியினர் செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்வோரும் அவர்தம் குடும்பத்தினருமே ஆவர். ஆற்றங்கரைக் கம்பங்களிலோ மக்கள் மிகக் குறைவு.

அக்கம்பங்களில் தொன்றுதொட்டு வாழ்பவர்களை ஓராங் சுங்கை என்று அழைப்பர். 'ஆற்று மக்கள்' என்பது அதன் பொருள். அவர்களுக்கு ஆறே சாலை, ஆறே கிணறு, ஆறே சந்தை. மீனும் பெரிய ஆற்று இறாலும் பிடித்தும், கரையில் நெல்லும் காய்கறியும் பயிரிட்டும், காட்டில் பிரம்பு வெட்டியும் அவர்கள் வாழ்ந்தனர். மழைக்காலத்தில் ஆறு பெருகிக் கரை கடந்து வரும் என்பதால், உயரமான கால்களின்மீது வீடு கட்டினர். வெள்ளத்தோடு போராடாமல் அதனோடு ஒத்து வாழக் கற்றவர்கள் அவர்கள்.

காட்டுப் பொருளும் குருவிக்கூடும்

மக்கள் குறைவாக வாழும் இடம் என்பதால் அப்பகுதி உலகத்தோடு தொடர்பற்றுக் கிடந்தது என்று எண்ணுதல் தவறு. மிகப் பழங்காலம் தொட்டே சீன வணிகர்கள் போர்னியோக் கரைகளுக்கு வந்தனர். பிரம்பு, தேன்மெழுகு, கர்ப்பூரம், இருவாட்சிப் பறவையின் அலகு, காண்டாமிருகக் கொம்பு ஆகியவற்றை வாங்கிச் சென்றனர். கினாபாத்தாங்கான் என்னும் பெயரிலேயே 'சீனா' என்னும் சொல் மறைந்திருக்கின்றது என்று கூறுவோரும் உளர்.

அவ்வணிகத்தில் இன்றளவும் நிலைத்து நிற்கும் பொருள் ஒன்று உண்டு. அதுவே குருவிக்கூடு. கோமந்தோங் என்னும் சுண்ணாம்புக் குன்றின் குகைகளில் உழவாரக் குருவிகள் தம் வாய் உமிழ்நீரால் கூடு கட்டுகின்றன. இறகு கலந்த கூட்டைக் கறுப்புக் கூடு என்றும், தூய உமிழ்நீரால் ஆனதை வெள்ளைக் கூடு என்றும் கூறுவர். சீனர்கள் அதனை வேகவைத்துச் சத்துணவாக உண்பர். வெள்ளைக் கூட்டின் விலை மிகவும் அதிகம்.

அக்கூட்டை எடுப்பது எளிய வேலையன்று. பிரம்பு ஏணிகளையும் கயிறுகளையும் மூங்கில் கழிகளையும் துணையாகக்கொண்டு, இருண்ட குகையின் உச்சிவரை ஏறிச் சென்று எடுக்க வேண்டும். கால் தவறினால் உயிர் மிஞ்சாது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி வேறொன்றும் உண்டு. கூடுகளை நினைத்தபோதெல்லாம் எடுக்க இயலாது. குருவி முட்டையிடுவதற்கு முன்னர் ஒருமுறை எடுப்பர். அது மீண்டும் கூடு கட்டி, குஞ்சு பொரித்து, குஞ்சுகள் பறந்து சென்ற பின்னர் மறுமுறை எடுப்பர். அரசாங்கத்தின் வனவிலங்குத் துறை உரிமம் வழங்கி இதனை மேற்பார்வை செய்கின்றது. வட்டியை உண்டு முதலைக் காப்பது எவ்வாறோ அவ்வாறே இதுவும் ஆகும். முதலைக் காத்ததால் அவ்வணிகம் தலைமுறை தலைமுறையாக நீடித்தது.

காண்டாமிருகத்திற்கோ அத்தகைய காவல் கிட்டவில்லை. கொம்புக்காக அது வேட்டையாடப்பட்டது. அதன் காடும் சுருங்கியது. 2019ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் சபாவில் பாதுகாப்பில் இருந்த கடைசிப் பெண் காண்டாமிருகம் நோயுற்று இறந்தது. அத்துடன் மலேசிய மண்ணில் அவ்வினமே இல்லாது போயிற்று. முதலையே உண்டுவிட்டால் பின்னர் வட்டிக்கு வழி ஏது?

புகையிலை, மரம், செம்பனை

1881ஆம் ஆண்டில் ஆங்கிலேயர்கள் வட போர்னியோக் கம்பெனியை நிறுவி, சபாவை ஆளத் தொடங்கினர். ஆட்சிச் செலவுக்குப் பணம் தேவைப்பட்டது. ஆற்றங்கரையின் வண்டல் மண்ணில் புகையிலை நன்றாக விளையும் என்று கண்டு, தோட்டங்களைத் திறந்தனர். சில ஆண்டுகள் அத்தொழில் செழித்தது. 1890ஆம் ஆண்டில் அமெரிக்கா வெளிநாட்டுப் பொருள்களின்மீது கடும் இறக்குமதி வரி விதித்தது. புகையிலையின் விலை சரிந்தது; பல தோட்டங்கள் மூடப்பட்டன. எங்கோ ஒரு நாட்டில் எழுதப்பட்ட சட்டம், கினாபாத்தாங்கான் கரையில் கூலி பெற்றுவந்தவனின் அடுப்பை அணைத்தது. ஒரே பயிரை நம்பி, அதனையும் ஒரே சந்தையில் விற்கும் ஊருக்கு நேரும் இடர் இத்தகையது.

அடுத்து வந்தது மரத்தொழில். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இயந்திர வாள்களும் இழுவை இயந்திரங்களும் காட்டுக்குள் புகுந்தன. வெட்டப்பட்ட பெருமரங்கள் ஆற்றின் வழியே கடலுக்குச் சென்று, சண்டாக்கான் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறின. 1970ஆம் ஆண்டுகளில் உலகில் வெட்டுமரம் ஏற்றுமதி செய்த இடங்களுள் சபா முன்னணியில் நின்றது. மாநில அரசாங்கத்தின் வருமானத்தில் பெரும் பகுதி மரத்திலிருந்தே கிடைத்தது. ஆனால், நூறு ஆண்டு வளர்ந்த மரத்தை வெட்டச் சில நிமிடங்களே போதும். மீண்டும் வளர்க்க இன்னொரு நூறு ஆண்டு வேண்டும். ஆகவே, காலப்போக்கில் மரமும் குறைந்தது; வருமானமும் குறைந்தது. 2018ஆம் ஆண்டில் சபா அரசாங்கம் அறுக்கப்படாத மரங்களை ஏற்றுமதி செய்யத் தடை விதித்தது. மரத்தை அறுத்துப் பலகையாகவும் தட்டுமுட்டுப் பொருளாகவும் செய்யும் வேலை மாநிலத்துக்குள்ளேயே நடைபெற வேண்டும் என்பதே அத்தடையின் நோக்கம். நோக்கம் நன்று. ஆயினும், பெருமரங்கள் மலிந்திருந்த காலத்திலேயே அது வந்திருந்தால் எத்துணை நன்மை விளைந்திருக்கும்!

மரம் வெட்டப்பட்ட நிலத்தில் செம்பனை நடப்பட்டது. குறிப்பாக 1980ஆம், 1990ஆம் ஆண்டுகளில் கீழ்க் கினாபாத்தாங்கான் சமவெளி விரைவாகச் செம்பனைக் காடாக மாறியது. செம்பனையைப் பற்றி நம் தோட்ட மக்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. கன்று நட்ட மூன்றாம் ஆண்டளவில் அது காய்க்கத் தொடங்கும். ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்குப் பின்னர் மறுநடவு செய்ய வேண்டும். அறுத்த குலையை 24 மணி நேரத்திற்குள் ஆலைக்குக் கொண்டு சேர்க்காவிட்டால் எண்ணெயின் தரம் கெடும். ஆலை ஓட வேண்டுமெனில் சுற்றிலும் பல ஆயிரம் ஏக்கர் செம்பனை வேண்டும். இதனாலேயே அத்தொழில் பெரிய நிறுவனங்களுக்கு ஏற்றதாக இருக்கின்றது. சிறு தோட்டக்காரர் தம் குலையை அருகிலுள்ள ஆலைக்கு விற்றே வாழ வேண்டியவராகின்றார்.

செம்பனையால் நாட்டுக்கு வருமானம் உண்டு. மாநிலத்துக்கு விற்பனை வரி உண்டு. சாலைகளும் கடைகளும் உண்டாயின. இவற்றை மறுத்தல் நன்றி மறத்தலாகும். ஆயினும், தோட்டத்தின் இலாபம் தலைமை அலுவலகம் உள்ள நகரத்துக்குச் சென்றது. வெட்டுவோரும் சுமப்போரும் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் பிலிப்பீன்சிலிருந்தும் வந்தனர். கூலியில் ஒரு பகுதி அந்நாடுகளுக்குச் சென்றது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஆற்று மக்களுக்கோ காடும் குறைந்தது. கலங்கிய ஆற்றில் மீனும் குறைந்தது.

புகையிலை, மரம், செம்பனை என மூன்று செல்வங்கள் அந்த ஆற்றின் வழியாக வெளியே சென்றன. ஆறு ஓடிக்கொண்டே இருந்தது. கரையில் தங்கியது மிகச் சிறிதே.

காண வருவோர்

1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் புதியதொரு தொழில் அங்கே தலையெடுத்தது. அதுவே சுற்றுலா. சண்டாக்கானிலிருந்து இரண்டு மூன்று மணி நேரச் சாலைப் பயணத்தில் உள்ள சுக்காவ் என்னும் கம்பத்தின் அருகே தங்கும் விடுதிகள் எழுந்தன. அதிகாலையிலும் மாலையிலும் பயணிகளைப் படகில் ஏற்றிச் சென்று விலங்குகளைக் காட்டினர்.

காண்பதற்கு அங்கே என்ன உண்டு? போர்னியோத் தீவில் மட்டுமே வாழும், நீண்டு தொங்கும் மூக்கையுடைய குரங்குக் கூட்டங்கள் உண்டு. ஓராங் ஊத்தான் என்னும் மனிதக் குரங்கு உண்டு. எட்டு வகை இருவாட்சிப் பறவைகள் உண்டு. முதலைகள் உண்டு. உருவில் சற்றே சிறிய போர்னியோ யானைகளும் உண்டு. அவை சபா முழுவதிலும் ஈராயிரத்துக்கும் குறைவே. பத்து பூத்தே என்னும் ஊரின் அருகில் உள்ள கற்குன்றுக் குகைகளிலோ பழங்கால மக்கள் வைத்துச்சென்ற மரச் சவப்பெட்டிகளையும் காணலாம்.

உயரமான காட்டுக்குள் பல நாள் நடந்தாலும் காண இயலாத விலங்குகளை, அங்கே படகில் அமர்ந்தபடியே காண முடிகின்றதே, அது எவ்வாறு? விடை மகிழ்ச்சி தருவதன்று. பின்னால் இருந்த காடெல்லாம் செம்பனைத் தோட்டமாகிவிட்டமையால், விலங்குகள் ஆற்றோரத்தில் எஞ்சிய குறுகிய காட்டுக்குள் நெருக்கப்பட்டுவிட்டன. பயணிக்கு எளிய காட்சியாக இருப்பது விலங்குக்கு இடநெருக்கடியாக இருக்கின்றது.

ஆதலின் எஞ்சியதைக் காக்கச் சட்டம் தேவையாயிற்று. 2005ஆம் ஆண்டில் சபா அரசாங்கம் கீழ்க் கினாபாத்தாங்கான் வனவிலங்குச் சரணாலயத்தை அரசிதழில் அறிவித்தது. அதன் பரப்பு ஏறத்தாழ 64,000 ஏக்கர். ஆயினும், அது ஒரே நிலமாக இல்லை; பத்துத் துண்டுகளாகச் சிதறிக் கிடக்கின்றது. துண்டுகளுக்கு இடையே தோட்டங்களும் கம்பங்களும் சாலைகளும் உள. யானைக்கூட்டம் ஒரு துண்டிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல வேண்டுமெனில் செம்பனை வழியாகத்தான் செல்ல வேண்டும். போகும் வழியில் இளங்கன்றுகளைப் பிடுங்கித் தின்னும். இதனால் தோட்டத்துக்கும் யானைக்கும் பகை மூள்கின்றது.

1998ஆம் ஆண்டின் சபா நீர்வளச் சட்டம், மூன்று மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஆறுகளின் இரு கரைகளிலும் 20 மீட்டர் அகலத்துக்கு நிலத்தை ஒதுக்க வேண்டும் என்கின்றது. கரையோரத்தில் மரங்கள் நின்றால் மண் சரியாது. உரமும் மருந்தும் ஆற்றில் கலப்பது குறையும். விலங்குகளுக்கு வழியும் கிடைக்கும். தோட்டத்துக்கும் இதில் பேரிழப்பு இல்லை. அடிக்கடி வெள்ளம் நிற்கும் தாழ்ந்த நிலத்தில் நட்ட செம்பனை அழுகிச் சாவதையும் குறைவாகக் காய்ப்பதையும் தோட்டத்தில் வேலை செய்வோர் நன்கு அறிவர்.

நூறு வெள்ளியின் பயணம்

சுற்றுலா வந்துவிட்டால் ஊர் வளம் பெறும் என்று பலர் கூறுவர். மாணவர்களே, அவ்வாறு உடனே முடிவு கட்டாமல், ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். இவ்வெண்கள் கணக்கு விளங்குவதற்காக நாமே அமைத்துக்கொண்டவை.

பயணி ஒருவர் 100 வெள்ளி செலவிடுகின்றார் என்று கொள்வோம். அவர் வெளியூர் முதலாளியின் விடுதியில் தங்குகின்றார். அவரை அனுப்பிவைத்த நகர நிறுவனத்துக்கு 40 வெள்ளி சேர்கின்றது. நகரத்தில் வாங்கிய உணவுப் பொருள்களுக்கு 20 வெள்ளி; எரிபொருளுக்கு 15 வெள்ளி; முதலாளிக்கு இலாபம் 15 வெள்ளி. எஞ்சிய 10 வெள்ளி சமையற்காரருக்கும் படகோட்டிக்கும் கூலியாகின்றது. ஊரில் தங்கியது 10 வெள்ளியே.

வேறொரு பயணி கம்பத்து வீடு ஒன்றிலேயே தங்குகின்றார். அவரும் 100 வெள்ளியே செலவிடுகின்றார். நகரத்தில் வாங்கிய அரிசி, சர்க்கரை முதலியவற்றுக்கு 15 வெள்ளி. எரிபொருளுக்கு 10 வெள்ளி. ஊர்ச் சங்கத்தின் அலுவலகச் செலவுக்கு 10 வெள்ளி. ஊர்ப் பொதுநிதிக்கு 5 வெள்ளி. வீட்டுக்காரர், படகோட்டி, வழிகாட்டி ஆகியோருக்கு 60 வெள்ளி. ஊரில் தங்கியது 75 வெள்ளி.

அந்த 75 வெள்ளி அவ்வளவில் நின்றுவிடாது. வீட்டுக்காரர் பக்கத்து வீட்டு மீனவரிடம் மீன் வாங்குவார். மீனவர் அப்பணத்தைக்கொண்டு வலையைப் பழுது பார்ப்பவருக்குக் கூலி கொடுப்பார். ஒரே பணம் ஊருக்குள் பல கை மாறி, ஒவ்வொரு கையிலும் ஒரு பயன் தரும். வெளியூர் சென்ற பணமோ திரும்பி வருவதில்லை.

இதனால் விடுதிகள் தீயவை என்று கொள்ளற்க. பயணிகளை முதன்முதலில் அழைத்து வந்தவர்களும், படகோட்டும் இளைஞருக்கு வெளிநாட்டாரோடு பழகக் கற்பித்தவர்களும் விடுதியினரே. உள்ளூர் மக்களை வேலைக்கு வைத்து, உள்ளூர் மீனையும் காய்கறியையும் வாங்கும் விடுதியினால் ஊர் பயன் பெறும். உரிமையும் வாங்கும் பழக்கமும் எங்கே இருக்கின்றன என்பதையே நாம் பார்க்க வேண்டும்.

பத்து பூத்தே மக்கள் கண்ட வழி

சண்டாக்கானுக்கும் லகாட் டத்துவுக்கும் இடையிலான நெடுஞ்சாலை, கினாபாத்தாங்கான் ஆற்றைப் பாலத்தின்வழி கடக்கும் இடத்தில் பத்து பூத்தே என்னும் ஊர் உள்ளது. 1990ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் அவ்வூராரும் அண்டைக் கம்பத்தாரும் உலக வனவிலங்கு நிதியத்தின் துணையோடு ஒன்றுகூடித் திட்டமிட்டனர். மரத்தொழில் ஓய்ந்து, இளைஞர்கள் வேலை தேடி ஊரை விட்டுச் சென்றுகொண்டிருந்த காலம் அது. பணம் படைத்த முதலாளி ஒருவரை எதிர்பார்த்து அவர்கள் காத்திருக்கவில்லை. ஆங்கிலம் பேசவும், முதலுதவி செய்யவும், பறவைகளின் பெயர் சொல்லவும், கணக்கு எழுதவும் முதலில் பயிற்சி பெற்றனர். சில ஆண்டுகள் இப்பயிற்சியிலேயே கழிந்தன. அதன் பின்னரே விருந்தினரை வரவேற்றனர்.

அவர்கள் தொடங்கிய இல்லத் தங்கல் முறைக்கு மீசோ வாலாய் என்று பெயர். ஆற்று மக்களின் மொழியில் 'ஒரே வீடு' என்பது அதன் பொருள். விருந்தினர் குடும்பத்தாரோடு தங்கி, அவர்கள் உண்பதையே உண்டு, அவர்களுடைய வேலைகளைக் கண்டு பழகுவர். விருந்தினரை எந்த வீடு ஏற்பது என்பதில் முறை வைத்துக்கொண்டனர். இன்று ஒரு வீடு, அடுத்து வேறு வீடு என்று சுற்றி வரும். பெரிய வீட்டுக்காரருக்கே எல்லாம் சேர்ந்துவிடும் என்னும் பொறாமைக்கு அங்கே இடமில்லை.

2003ஆம் ஆண்டில் இம்முயற்சிகள் அனைத்தையும் ஒன்றிணைத்துக் கோப்பெல் என்னும் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தனர். வீட்டுக்காரர், படகோட்டி, வழிகாட்டி, சமையல் செய்யும் பெண்கள், மரக்கன்று வளர்ப்போர் எனப் பலரும் அதனால் பயன் பெற்றனர். வருமானத்தின் ஒரு பகுதி ஊர்ப் பொதுநிதிக்குச் சென்றது.

அவர்கள் காட்டையும் மறக்கவில்லை. தூங்கோக் என்னும் ஏரியைத் தென்னமெரிக்காவைத் தாயகமாகக்கொண்ட சால்வினியா என்னும் நீர்ப்பூண்டு முழுவதுமாக மூடியிருந்தது. வெயில் நீருக்குள் புகவில்லை. மீனும் வாழ வழியில்லை. ஊரார் படகில் சென்று கையால் அதனை வாரி அகற்றினர். அகற்ற அகற்ற அது மீண்டும் பரவும். ஆகவே, ஒருநாள் வேலையாக எண்ணாமல் தொடர்ந்து செய்தனர். ஏரி திறந்தது. அதன் கரையில் பயணிகளுக்கான முகாம் ஒன்றையும் அமைத்தனர். மரமற்றுப்போன காட்டுப் பகுதிகளில் கன்றுகளை நட்டனர். பயணிகளும் காசு கொடுத்து வந்து அவ்வேலையில் பங்குகொண்டனர். முன்பு மரத்தை வெட்டிக் கூலி பெற்ற ஊர், பின்பு மரத்தை நட்டுக் கூலி பெற்றது. ஊர் கூடித் தேர் இழுத்தல் என்று நாம் கூறுவது இதைத்தான்.

சுற்றுலாவை மட்டும் நம்பலாமா?

நன்மையை மட்டும் கூறி நிறுத்தினால் பாடம் குறையுடையதாகும். சுற்றுலாவும் உடையக்கூடிய பாண்டமே. 2013ஆம் ஆண்டு பிப்ரவரியில் தென் பிலிப்பீன்சிலிருந்து வந்த ஆயுதக் கும்பல் லகாட் டத்துப் பகுதியில் ஊடுருவியது. உயிர்ச்சேதம் நேர்ந்தது. அச்செய்தி கேட்ட வெளிநாட்டார் பலர் சபாவின் கிழக்குக் கரைக்கு வர அஞ்சினர். 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் தொடங்கி, கோவிட் பெருந்தொற்றின் காரணமாக நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. விமானங்கள் நின்றன; பயணிகள் வரவில்லை. அக்காலத்தில் வலையும் தோட்டமும் கைவிடாதிருந்தவருக்கு உண்ண உணவாவது கிடைத்தது. எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சுற்றுலாவையே நம்பியவருக்கு அதுவும் இல்லை. புகையிலை கற்பித்த பாடம் மீண்டும் ஒருமுறை கற்பிக்கப்பட்டது.

இன்னொரு சிக்கலும் உண்டு. சுக்காவ் அருகே ஆற்றின் குறுக்கே பாலம் கட்ட ஒரு திட்டம் இருந்தது. சாலையும் பாலமும் வந்தால் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் விரைந்து செல்லலாம் என்று ஊரார் பலர் விரும்பினர். யானைகளின் வழி அறுபடும், எஞ்சிய காடும் சிதையும் என்று இயற்கை ஆர்வலர் எதிர்த்தனர். 2017ஆம் ஆண்டில் அத்திட்டம் கைவிடப்பட்டது. யானை பிழைத்தது நன்றே. ஆயினும், நோயுற்ற பிள்ளையைப் படகில் ஏற்றிச் செல்லும் தாயின் குரலும் நியாயமானதே அன்றோ? காட்டைக் காப்பவரே அங்கு வாழ்வோருக்கு வேறு வழியில் மருத்துவமும் கல்வியும் கிடைக்கச் செய்தல் வேண்டும். இல்லாவிடில் காவலின் சுமை முழுவதும் ஏழையின் தோளிலேயே விழும்.

நமக்குரிய பாடம்

கடல் கடந்த மாநிலத்து ஆற்று மக்களின் கதை நமக்கு எதற்கு என்று தோட்டப் பெருமக்கள் கேட்கலாம். நம் கதையும் இதுவே. நம் பாட்டன்மார் காலந்தொட்டு நாம் சீவிய பாலும், அறுத்த குலையும் தோட்டத்தின் வாசலைக் கடந்து வெளியே சென்றன. விலை ஏறினாலும் இறங்கினாலும் அதனை முடிவு செய்தவர் எங்கோ இருந்தார்.

1950ஆம் ஆண்டுகளில் ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடி விற்றனர். நம்மவர் பலர் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தனர். அவ்வேளையில், 1960ஆம் ஆண்டில், துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். மாதந்தோறும் 10 வெள்ளி சேமித்துப் பங்கு வாங்கும்படி தோட்டந்தோட்டமாகச் சென்று தொழிலாளரை வேண்டினார். கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம் அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டமாயிற்று. பால்மரம் சீவியவரே தோட்டத்தில் பங்குடையவர் ஆனார். பத்து பூத்தே மக்கள் 2003ஆம் ஆண்டில் செய்ததன் உட்பொருளும் இதுவே. தனியொருவரின் 10 வெள்ளி சிறிது; ஆயிரவர் சேர்ந்தால் அது நிலமாகும்.

ஊரின் செல்வத்துள் மிக உயர்ந்தது எது? மரமா, குருவிக்கூடா, செம்பனையா? அன்று. அவ்வூரில் வளரும் பிள்ளைகளே. தோட்டப் பள்ளிகளில் மாணவர் தொகை குறைந்து வருவதை நாம் காண்கிறோம். படித்த பிள்ளை நகரம் செல்வதைத் தடுத்தல் இயலாது, தடுத்தலும் கூடாது. ஆயினும், ஊரில் உரிமையும் மதிப்பும் உள்ள தொழில் ஒன்று இருந்தால், சென்றவருள் சிலராவது திரும்பி வருவர். பத்து பூத்தேயின் முதியோர் தம் பிள்ளைகளுக்காகவே அவ்வளவும் செய்தனர்.

மாணவர்களே, இனி எந்த ஊரைப் பற்றிப் படித்தாலும் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இங்கே என்ன விளைகின்றது? அது யாருக்கு உரியது? அதன் விலையில் இங்கே தங்குவது எவ்வளவு? இம்மூன்றையும் கேட்கத் தெரிந்தவன் பொருளாதாரத்தின் முதற்படியில் ஏறிவிட்டான்.

பயிற்சி

1. குருவிக்கூடு எடுக்கும் தொழில் நீடித்ததற்கும், காண்டாமிருகம் அழிந்ததற்கும் உள்ள வேறுபாடு யாது?

2. புகையிலைத் தோட்டங்கள் மூடப்பட்டதையும், 2020ஆம் ஆண்டில் சுற்றுலா நின்றதையும் ஒப்பிட்டு ஐந்து வாக்கியம் எழுதுக.

3. கட்டுரையில் உள்ள கணக்கின்படி, 40 பயணிகள் வெளியூர் முதலாளியின் விடுதியில் தங்கினால் ஊரில் தங்கும் பணம் எவ்வளவு? அவர்களே கம்பத்து வீடுகளில் தங்கினால் எவ்வளவு? வேறுபாட்டைக் காண்க.

4. சுக்காவ் பாலத்தைப் பற்றி வகுப்பில் இரு அணிகளாகப் பிரிந்து வாதிடுக. எதிரணியின் கூற்றுள் நியாயமான ஒன்றை ஒவ்வோர் அணியும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

5. உங்கள் தோட்டத்திலிருந்து வெளியே செல்லும் பொருள்களையும், வெளியிலிருந்து உள்ளே வரும் பொருள்களையும் பெற்றோரிடம் கேட்டுப் பட்டியலிடுக. அவற்றுள் நாமே விளைவிக்கவோ செய்யவோ இயலும் பொருள் எது என்பதையும் கேட்டு எழுதுக.